எங்கள் தலைவரம்மாவின் பெயரை எழுதச் சொல்லுங்கள்: மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 15 கிராம சபைக்காக எங்கள் ஊராட்சி மன்ற அலுவலகத்துக்கு வெள்ளையடித்து, தலைவர்கள் பெயர்ப் பலகையையும் புதிதாக எழுதினார்கள். அதில், தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் இல்லாத காலத்தில் ஊராட்சியைக் கவனிக்க 2016-இல் வந்த தனி அலுவலர் இருக்கிறார். அடுத்த வரியில் 2025-இல் வந்த தனி அலுவலர் இருக்கிறார். இடையில், 2020 ஜனவரி 6 அன்று பதவியேற்று 2025 ஜனவரி 5 வரை எங்களுக்குத் தலைவராக இருந்தவரின் பெயர் இல்லை. பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் அவர். அந்தத் தெருவிலிருந்து எங்கள் ஊராட்சிக்குக் கிடைத்த முதல் தலைவர். கேட்டால் "இடம் பத்தலை" என்கிறார்கள். பலகையின் கீழ்ப்பாதி காலியாகத்தான் கிடக்கிறது.

அவர் பெயரை அதற்குரிய வரியில் எழுதச் சொல்லுங்கள். என் கோரிக்கை இவ்வளவுதான்.

அவர் பட்ட பாடு உங்கள் அலுவலகத்துக்குத் தெரியும். மனுக்கள் அங்கேதான் இருக்கின்றன. ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு சித்திரை மாதம் ஆழ்துளைக் கிணற்று மோட்டாரின் காயில் எரிந்து, மேல்நிலைத் தொட்டி வறண்டுபோனது. செக்கை எடுத்துக்கொண்டு துணைத்தலைவர் வீட்டுக்குப் போனார் எங்கள் தலைவரம்மா. வாசலிலேயே நிற்க வைத்து, "நாளைக்குப் பார்க்கலாம்" என்று அனுப்பினார்கள். மறுநாளும் அதே பதில், அதே வாசல். ஒன்றிய அலுவலகத்தில் முறையிட்டால் "நீங்களே பேசித் தீர்த்துக்குங்கம்மா" என்றார்கள். கடைசியில் காதுத் தோட்டை அடகு வைத்து, மோட்டாரைத் தூக்கிக் காயில் கட்டி இறக்கினார். தண்ணீர் எல்லாத் தெருவுக்கும் வந்தது, துணைத்தலைவரின் தெரு உட்பட. அந்தச் செலவுக்கான பில் அவர் பதவிக்காலம் முடியும்வரை பாஸாகவில்லை. தோடும் மீளவில்லை.

அதே ஐந்து ஆண்டுகளில்தான் கொரோனாவும் வந்தது. ஊரடங்கில் தூய்மைக் காவலர்களோடு பிளீச்சிங் பவுடர் வாளியைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார். அவர் நடந்த தெருக்களில் சில, அவர் பிள்ளைப் பருவத்தில் செருப்புப் போட்டு நடக்க முடியாதவை.

இது எங்கள் ஊரின் கதை மட்டுமல்ல. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்கார வைத்த படத்தை நாடே பார்த்தது. அதே ஆண்டு திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவரைச் சுதந்திர தினத்தன்று கொடியேற்ற விடவில்லை. பட்டியல் சாதித் தலைவர்கள் அவமதிக்கப்படக் கூடாது, அவர்களே கொடியேற்ற வேண்டும் என்று 2022-இல் தலைமைச் செயலாளரே ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சியின் தலைவரானதற்காக முருகேசன் வெட்டிக் கொல்லப்பட்டது 1997-இல். சட்டம் நாற்காலியைக் கொடுத்துவிடுகிறது. அதில் உட்கார்ந்தவருக்கு என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டியவர்கள் அப்புறம் எங்கே போகிறார்கள்? ஓர் அலுவலர் பணி ஓய்வு பெறும்போது மாலை, சால்வை, வாழ்த்துரை எல்லாம் நடக்கிறது. நடக்கட்டும், உழைத்தவர்களுக்கு அது தகும். ஆனால் மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர் பதவி முடிந்த மறுநாள் சாவிக்கொத்தை ஒப்படைத்துவிட்டுத் தனியாக வீட்டுக்கு நடந்து போனார். ஒருவர்கூட எழுந்து நிற்கவில்லை.

சரி, ஆத்திரத்தில் வார்த்தை தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவருக்காக ஓய்வூதியம் கேட்கவில்லை, விழாவும் கேட்கவில்லை. அக்டோபர் 2 கிராம சபைக்கு முன்பாக அவர் பெயரும் பதவிக்காலமும் அந்தப் பலகையில் ஏற வேண்டும். தனி அலுவலருக்கு ஓர் உத்தரவு அனுப்புங்கள். பெயிண்ட் செலவை நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். அந்தக் கிராம சபையில் அவருக்கு நன்றித் தீர்மானம் ஒன்றையும் கொண்டு வருகிறோம். அதைப் பதிவேட்டில் எழுத மறுக்கக் கூடாது என்றும் அந்த உத்தரவிலேயே சேர்த்துவிட்டால் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
அவருக்கு ஓட்டுப் போட்ட ஊர்க்காரர்களில் ஒருவர்