சுழலும் இறகு பொம்மையின் நூலை என் பூனை விழுங்கியது குறித்த புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர் (தையல் கடை),
வில்லாபுரம், மதுரை.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
செல்லப்பிராணிப் பொருட்கள் நிறுவனம்.

பொருள்: பெட்டியில் உள்ள "தனியே விளையாடும்" என்ற வாசகத்தை நீக்கவும், இழப்பீடு தரவும் கோருதல்.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் சுழலும் இறகு பொம்மையை ஆன்லைனில் 1,349 ரூபாய்க்கு வாங்கினேன். ஐந்தாம் நாள் அதன் நூலை என் பூனை செம்பி விழுங்கிவிட்டாள். வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டியதாயிற்று. இதை மின்னஞ்சலில் தெரிவித்தபோது, "மேற்பார்வை இல்லாமல் பயன்படுத்தியது வாடிக்கையாளரின் தவறு" என்று இரண்டே வரியில் பதில் அனுப்பினீர்கள். அதை நான் ஏற்கவில்லை.

நான் தையல்காரி. குன்னத்தூர் சத்திரத்தில் கடை, வீட்டிலும் ஒரு மெஷின். செம்பி வந்த நாளிலிருந்து நூல்கண்டு, பாபின், ஊசி எல்லாம் மூடி போட்ட டப்பாவில்தான் இருக்கின்றன. தரையில் கிடக்கும் நூல் துணுக்குகளைக் கூட்டி அள்ளாமல் ஒரு நாளும் படுத்ததில்லை. பூனை நாக்கின் முட்கள் தொண்டைப் பக்கமாகச் சாய்ந்தவை. வாய்க்குள் போன நூலைப் பூனையால் எளிதில் துப்ப முடியாது, மேலும் மேலும் விழுங்கத்தான் முடியும்.

அப்படியிருந்தும் ஏன் வாங்கினேன்? முன்பு வளர்த்த பூனையைத் தெருவில் வண்டியில் பறிகொடுத்தேன். அதனால் செம்பியை வெளியே விடுவதில்லை. காலை பத்து மணிக்குக் கதவைப் பூட்டினால் திரும்ப இரவு ஒன்பதாகிவிடும். பதுங்கவும் பாயவும் பிறந்த உயிர் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக் கிடக்கிறதே என்ற வேதனையில் தேடியபோதுதான் உங்கள் பொம்மை கண்ணில் பட்டது. விளம்பரப் படத்தில் இறகைத் தாங்குவது கம்பி போலத் தெரிந்தது. பெட்டியைத் திறந்தால் நைலான் நூல். தயங்கினேன். ஆனால் பெட்டியின் முகப்பில் கொட்டை எழுத்தில், "நீங்கள் வெளியே போனாலும் 8 மணி நேரம் பூனை தனியே விளையாடும்" என்று போட்டிருந்தீர்கள். பூனைக்கென்றே பொருள் செய்கிறவர்கள் யோசிக்காமலா எழுதுவார்கள் என்று நம்பினேன்.

முதல் இரண்டு நாள் துள்ளினாள். மூன்றாம் நாள் சலித்துவிட்டது. ஒரே வட்டத்தில் ஒரே வேகத்தில் சுற்றும் இறகு இரையைப் போல ஒளிவதில்லை, நிற்பதில்லை, பிடிகொடுப்பதுமில்லை. துரத்தலை விட்டு நூலைக் கடிக்கத் தொடங்கியிருக்கிறாள். ஐந்தாம் நாள் இரவு நான் வந்தபோது இறகு ஒரு மூலையில் கிடந்தது. நூலைக் காணோம். விடியும் வரை வாந்தி. சோற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை, முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மருத்துவர் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார். நூலின் ஒரு முனை நாக்கின் அடியில் சுற்றி மாட்டியிருந்தது, மிச்சம் குடலுக்குள். நான் கை வைக்கப் போனபோது தடுத்தார். இழுத்தால் குடலை அறுத்துவிடுமாம். பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குமே, அப்படி அவள் குடல் சுருங்கியிருப்பது ஸ்கேனில் தெரிந்தது. இருபது வருடமாக நாடா கோர்ப்பவள் நான். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டேன்.

அறுவைச் சிகிச்சை, மருந்து, தங்கல் எல்லாம் சேர்ந்து 14,600 ரூபாய். செம்பி பிழைத்தாள்.

பிறகு உங்கள் பொம்மையைத் தொழில்காரியின் கண்ணோடு பார்த்தேன். நைலான் வழுக்கும், ஒற்றை முடிச்சில் நிற்காது. நீங்கள் போட்டிருப்பது ஒற்றை முடிச்சும் ஒரு சொட்டுப் பசையும். மேற்பார்வை தேவை என்ற வரி இருப்பது உண்மைதான். உள்ளே மடித்து வைத்த ஆங்கிலத் தாளில், கடைசிப் பத்தியில். முகப்பில் ஒன்றும் மடிப்புக்குள் அதற்கு நேர்மாறாக ஒன்றும் எழுதிவிட்டு, தவறு என்னுடையது என்கிறீர்கள்.

நூல் கட்டிய பொம்மை மனிதர் கையில் இருக்க வேண்டியது. ஆடி முடித்ததும் அலமாரிக்குள் போக வேண்டியது. இப்போது விடியற்காலையும் இரவும் பத்துப் பத்து நிமிடம் நானே குச்சியில் துணிப் பட்டை கட்டி ஆட்டுகிறேன். கடைசியில் அவளே பிடிக்கும்படி விட்டு, உடனே ஒரு வாய் சாப்பாடு வைக்கிறேன். பகலுக்கு முட்டை அட்டையின் குழிகளில் உலர் தீவனம். காலால் தோண்டித் தோண்டி எடுக்கிறாள். வலை அடித்த ஜன்னலில் ஒரு பலகை போட்டேன், அணிலும் மைனாவும் பார்க்க. நான் வீட்டில் இல்லாத நேரத்துக்கு இவையே போதுமாக இருக்கின்றன.

நான் கேட்பது இவை. பெட்டியிலும் விளம்பரத்திலும் உள்ள "தனியே விளையாடும்" என்ற வரியை உடனே எடுங்கள். நூல் அபாயத்தை முகப்பிலேயே தமிழிலும் பெரிதாக அச்சிடுங்கள். இதை வாங்கிய எல்லோருக்கும் எச்சரிக்கை அனுப்புங்கள். உங்களிடம் அவர்கள் தொலைபேசி எண் இருக்கிறது, இன்றே அனுப்பலாம். பொம்மையின் விலையையும் சிகிச்சைச் செலவையும் எனக்குத் திருப்பித் தாருங்கள். பணத்தைவிட அந்த எச்சரிக்கைதான் எனக்கு அவசரம். இன்றைக்கும் யாரோ ஒருவர் அதே வரியை நம்பிக் கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போயிருப்பார்.

போதிய எச்சரிக்கை தராத உற்பத்தியாளருக்குப் பொறுப்பு உண்டு என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 84ஆவது பிரிவு சொல்கிறது. நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

பில், ஸ்கேன் படம், மருத்துவர் சான்று, பெட்டி முகப்பின் புகைப்படம் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். பொம்மையும் வெளியே எடுத்த நூலும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

இப்படிக்கு,
செம்பியை வளர்ப்பவள்