நான்கு நாள் இழுத்தடித்த கடை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உள்ளூர்க் கடைகளைப் பற்றி வாடிக்கையாளர்கள் இணையத்தில் எழுதும் கருத்துகள் பயன்படுமா என்றால், நட்சத்திரக் கணக்கை ஒதுக்கிவிட்டுக் குறை சொன்னவர்களைப் படித்தால் பயன்படும் என்பது என் அனுபவம்.

கோபிசெட்டிபாளையத்தை அடுத்த எங்கள் தோட்டத்துக் கிணற்று மோட்டார் முந்தைய கோடையில் காயில் (உள்ளே சுற்றியிருக்கும் கம்பிச் சுருள்) புகைந்து நின்றபோது, வாழை வாடுகிற பதற்றத்தில், கூகுள் மேப்பில் 4.9 மதிப்பெண் பெற்றிருந்த, எரிந்த மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கும் ஒரு ரீவைண்டிங் கடையில் கொண்டுபோய்ப் போட்டேன். மறுநாளே கட்டிக் கொடுத்தார்கள். ஐம்பது நாள்கூட ஓடவில்லை. அதன் பிறகுதான் அந்தக் கருத்துகளை நிதானமாகப் படித்தேன்: பெரும்பாலானவை ஒரே பதினைந்து நாளுக்குள் எழுதப்பட்டவை, 'நல்ல சேவை' என்பதைத் தவிர, என்ன மோட்டார், எத்தனை எச்.பி., எவ்வளவு கூலி என்று ஒருவரும் எழுதவில்லை.

3.8 வாங்கியிருந்த இன்னொரு கடையின் மேல் இருந்த பெரிய குற்றச்சாட்டோ, நான்கு நாள் இழுத்தடித்தார் என்பது. அதற்குக் கீழே கடைக்காரர் பதில் எழுதியிருந்தார்: "வார்னிஷ் காயாம மோட்டாரைக் கொடுக்க மாட்டேனுங்க, அவசரமுன்னா வேற கடை பாருங்க." எனாமல் கம்பியில் காயில் கட்டியபின் வார்னிஷ் ஊற்றிச் சூட்டில் நன்றாக உலர்த்தாவிட்டால், உள்ளே தங்கும் ஈரமே கம்பியின் மின்காப்பைக் கெடுத்துவிடும் என்பது இத்தொழில் அறிந்தவர்களுக்குத் தெரியும். வசையாக எழுதப்பட்டதே எனக்கு நற்சான்றாயிற்று. அவரிடமே மோட்டாரைக் கொடுத்தேன், இன்றும் ஓடுகிறது.

போலிக் கருத்துகளைத் தடுக்க இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022-இல் ஐ.எஸ். 19000 என்ற தர விதியைக் கொண்டுவந்தது; ஆனால் அப்போது அது கட்டாயமாக்கப்படவில்லை. 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள், விற்பவரே வாடிக்கையாளர் வேடத்தில் கருத்து எழுதக் கூடாது என்கின்றன. அவையும் மின்வணிகத்தை நோக்கியவையே, எங்கள் ஊர் ரீவைண்டிங் கடையை எண்ணி எழுதப்பட்டவை அல்ல.

குறை நம்மிடமும் உண்டு. வேலை திருப்தியாக முடிந்தால் டீக்கடையில் நாலு பேரிடம் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறோம். எழுத உட்காருபவர் கோபக்காரராகவோ கடைக்காரரின் மச்சானாகவோதான் இருக்கிறார்.

முதல் கடையைப் பற்றி, கொடுத்த தேதி, கட்டிய கூலி, ஓடிய நாள் மூன்றையும் குறித்து நானும் எழுதினேன். இரண்டே நாளில் கடைக்காரர் தொலைபேசியில் அழைத்து, கூலியைத் திருப்பித் தருவதாகவும் எழுதியதை எடுத்துவிடும்படியும் கேட்டார். 4.9 எப்படி வந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. இன்னும் எடுக்கவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோபிசெட்டிபாளையம்.