நாளைய ரூபாயும் நாளைய மழையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். ரூபாயின் ஏற்ற இறக்கம் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, 'குருட்டாம்போக்கு', 'கேயாஸ்' இரண்டையும் ஒரே பொருளில் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறது. இரண்டும் வேறு.

குருட்டாம்போக்கில் அடுத்தது என்ன என்று சொல்ல விதியே இல்லை, சுண்டிவிட்ட காசு மாதிரி. கேயாஸில் விதி உண்டு; ஆனால் தொடக்கத்தில் சிறு வேறுபாடு இருந்தாலும் போகப் போகப் பெரிதாகிவிடும். 1961இல் வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரன்ஸ் தம் வானிலைக் கணக்கை மறுபடி ஓட்டியபோது 0.506127 என்பதைச் சுருக்கி 0.506 என்று கணினிக்குக் கொடுத்தார். முதலில் பழைய கணக்கை ஒட்டியே போனது, பிறகு எங்கோ விலகிவிட்டது. கட்டுரையாளர் அந்த விலகலை மட்டும் சொல்கிறார். முதலில் ஒட்டிப் போனதே, அது முக்கியமில்லையா? நாளை மழை வருமா என்று ஓரளவு சொல்லலாம், அடுத்த மாதத்துக்கு முடியாது. ரூபாய்க்கு நாளையே தெரியவில்லை! மீஸ், ரோகாஃப் என்ற பொருளியலாளர்கள் 1983இல் நாணய மாற்று விலைகளைச் சோதித்தபோது, 'இன்றைய விலையே நீடிக்கும்' என்ற வெறும் ஊகத்தைக்கூட அன்றைய பெரிய கோட்பாடுகளால் வெல்ல முடியவில்லை.

வண்டன்மேட்டில் ஏலத்தோட்டக் கணக்கு எழுதுகிறேன். மகன் ஷார்ஜாவில் இருப்பதால் திர்ஹாம் விலையைத் தினமும் நோட்டில் குறிப்பது வழக்கம். (1997 முதல் டாலருக்கு 3.6725 திர்ஹாம் என்று கட்டிப்போட்டிருப்பதால், நான் குறிப்பது உண்மையில் டாலரைத்தான்.) ஏறிய நாளுக்கு மறுநாள் ஏறியதும் இறங்கியதும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. ஆனால் பெரிய ஆட்டங்கள் மட்டும் கொத்துக் கொத்தாக வருகின்றன; ஐந்து பைசா, மூன்று பைசா என்று தூங்கிய பக்கங்களும் அப்படியே சேர்ந்து கிடக்கின்றன. ஆய்வாளர்களும் இதைக் கண்டிருக்கிறார்கள். ஆகவே சுண்டிவிட்ட காசு என்பதும் முழுக்கச் சரியில்லை. காசுக்கு நேற்று விழுந்தது நினைவிருக்காது. தேவைப்பட்டால் டாலரை விற்கவும் வாங்கவும் ரிசர்வ் வங்கியும் அதன் பின்னால் நிற்காது.

இந்தச் சொற்குழப்பத்தில் காசு பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். 'கேயாஸுக்குள் ஒளிந்திருக்கும் விதியைப் பிடித்துவிட்டோம்' என்று கைப்பேசியில் கட்டணம் வாங்கிக்கொண்டு ஒருவர் சொன்னதை நம்பி, சென்ற ஆண்டு மகனை மூன்று வாரம் பணம் அனுப்பாமல் நிறுத்திவைத்தேன். திர்ஹாமுக்கு முப்பது பைசா போயிற்று. பல்லியைக் கேட்டிருந்தால் கட்டணமாவது மிஞ்சியிருக்கும் என்றாள் மனைவி.

தாங்களும் திங்கள்தோறும் 'இந்த வார ரூபாய்க் கணிப்பு' வெளியிடுகிறீர்கள். அதன் பக்கத்திலேயே போன வாரம் சொன்னதையும் நடந்ததையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகன்,
வண்டன்மேடு, இடுக்கி மாவட்டம்