பழைய மஸ்கெலியாவை அளக்கத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

1969இல் இலங்கை மலையகத்தில் மவுசாகலை அணைக்குப் பின்னால் மஸ்கெலி ஓயா என்ற ஆறு தேங்கியபோது பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனது. கோயில், விகாரை, பள்ளிவாசல், கடைத்தெரு என்று வித்தியாசம் இல்லாமல் எல்லாம் சேர்ந்தே போயின. வறட்சியில் நீர் இறங்கினால் மிஞ்சியவை தலைகாட்டும். சனம் போய்ப் பார்த்துக் கும்பிட்டு, படம் பிடித்துத் திரும்பும். இந்த முறை பார்த்ததோடு நிற்காமல் அளந்து, வரைந்து, எது எது என்று பெயர் எழுதி வைக்க முடிந்தது உங்களால்தான். யார் என்ன செய்தீர்கள் என்று சொல்லாத நன்றி வெறும் வாய் உபசாரம். அதனால் மடல் கொஞ்சம் நீளும்.

முதலில் மேசன் பாஸ்மார், அதாவது கட்டட வேலையில் தேர்ந்த கொத்தனார்கள். "தண்ணிக்குள்ள நிக்கிற சுவர் விழாது, தண்ணி இறங்கும்போதுதான் விழும்" என்று அவர்கள் சொன்ன ஒரு வரியில் பாதிப் புதிர் அவிழ்ந்தது. கருங்கல்லைக் களிமண் சாந்தில் அடுக்கி, மேலே சுண்ணாம்பு பூசிய சுவர் அது. ஏரி நிறைந்திருக்கும்வரை சுவருக்கு உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் சமமாக நிற்கும். மட்டம் வேகமாக இறங்கும்போது வெளித் தண்ணீர் போய்விடும், சுவர் குடித்த தண்ணீர் போக வழியில்லாமல் உள்ளே நிற்கும். அது பூச்சைப் பிதுக்கும், கரைந்த களியும் கூடவே வெளியேறும், பிறகு கல் உருளும். சீமெந்து பூசி ஒட்டுப்போட்ட இடங்களில் நிலைமை இன்னும் மோசம், அங்கே தண்ணீர் கசியக்கூட விடாது. கொங்கிறீற்றின் கதை வேறு: நனைந்தும் காய்ந்தும் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது, துருவில் பருத்த கம்பி தான் போன வழியிலேயே கொங்கிறீற்றைப் பிளக்கிறது. சுவரின் உயரத்தைப்போல ஒன்றரை மடங்கு தள்ளியே நிற்க வேண்டும் என்று அவர்கள் போட்ட கட்டளையை ஒருவரும் மீறவில்லை.

அளவு நாடா பிடித்த பாடசாலைப் பிள்ளைகளுக்கு அடுத்த நன்றி. துணி நாடா நனைந்தால் இழுபடும் என்பதால் உருக்கு நாடாதான் பிடித்தார்கள். இரண்டு பேர் நாடாவில், ஒருவர் கொப்பியில். வாசித்த எண்ணை எழுதுபவர் உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். கதவு, சன்னல், மூலை என்று துண்டு துண்டாக அளந்து கூட்டினால் ஒவ்வொரு துண்டிலும் அரை அங்குலம் தவறி, கடைசியில் சுவர் ஒன்று ஓரடி நீண்டுவிடும். அதனால் ஒரு மூலையைப் பூச்சியமாக வைத்து நாடாவை எடுக்காமல் மறு மூலைவரை வாசித்தார்கள். ஒவ்வோர் அறைக்கும் இரண்டு மூலைவிட்டங்களும் எடுத்தார்கள். அவை சமமில்லை என்றால் அறை கோணல், அல்லது அளவு பிழை. செங்கல்லை ஒன்றை மட்டும் அளந்து எழுதாமல் பத்தை அளந்து சராசரி எடுத்த பொறுமைக்குத் தனியாக ஒரு கைதட்டு.

நீர்மட்டத்தைக் காலையிலேயே அறிந்து சொன்ன அணைக்கட்டு ஊழியர்களும் தோணிக்காரர்களும் இல்லாவிட்டால் இந்த வேலையே இல்லை. ஏரித்தரை மேலே வெடித்துக் காய்ந்திருக்கும், ஒரு சாண் கீழே கூழ். முன்னால் கம்பு ஊன்றிப் பார்த்து, பலகை போட்டு நடக்கச் சொன்னது அவர்கள். பங்குனி, சித்திரையில் பின்னேர இடிமழை பிடித்துக்கொள்ளும் என்பதால் இரண்டு மணிக்கு எல்லோரையும் கரையேற்றியதும் அவர்கள்தான்.

அதிகம் கடன்பட்டிருப்பது ஆல்பங்களைத் திறந்து தந்த வீடுகளுக்கு. டவுனிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் மட்டுமல்ல, தோட்டத் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கே போய் கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் குடியேறியவர்களின் பிள்ளைகளும் படம் அனுப்பினார்கள். ஒட்டிப்போன படத்தைப் பிய்க்காமல் ஆல்பத்தோடு ஸ்கேன் செய்தோம், சிறிய படங்களை 600 டிபிஐயில். கழன்ற படங்களுக்குப் பின்பக்கமும் எடுத்தோம். முன்னால் மாப்பிள்ளையும் பொண்ணும், பின்னால் பென்சிலில் கடையின் பெயர். எங்களுக்கு வேண்டியது பின்னால் இருந்தது.

படம் எங்கே நின்று எடுத்தது என்று கண்டுபிடிக்க மலைதான் உதவியது. கடை போய்விட்டது, தெரு போய்விட்டது, சிவனொளிபாதமலை 2,243 மீற்றர் உயரத்தில் அதே இடத்தில் நிற்கிறது. படத்தின் பிரதியைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். தூரத்துச் சிகரம் கிட்டத்து மேட்டின் எந்தப் பள்ளத்துக்கு மேல் தெரிகிறதோ, அதே பள்ளத்துக்கு மேல் வரும்வரை இடமோ வலமோ நகர வேண்டும். கிட்டத்து மேடு பக்கத்தில் இருந்தால் பத்து அடி தவறினாலே சிகரம் விலகிவிடும். ஒரு மேட்டை வைத்து ஒரு கோடுதான் கிடைக்கும். வேறொரு திசையில் இன்னொரு சோடி பொருந்தினால்தான் நின்ற இடம் உறுதி. ஒரு மைலை ஓர் அங்குலமாக வரைந்த பழைய நில வரைபடத்தால் இது முடியாது. அதில் ஒரு மில்லிமீற்றர் தரையில் 63 மீற்றர், பென்சில் கோட்டின் தடிப்புக்குள்ளேயே நாலைந்து கடை மறைந்துவிடும். றோட்டின் போக்கை அறிய மட்டும் அது போதும்.

பெரியவர்களே, உங்களிடம் வருஷம் கேட்டது எங்கள் பிழை. "சாப்புக்கடைக்கு அடுத்தது எது, அதற்கு எதிரே எது" என்று கேட்கத் தொடங்கிய பிறகுதான் தெரு எழுந்து வந்தது. இரண்டு பேரைத் தனித்தனியாகக் கேட்டு, இருவரின் வரிசையும் ஒத்த இடங்களை மையாலும் மற்றதைப் பென்சிலாலும் குறித்தோம். காணி உறுதிப்பத்திரங்களைக் காட்டியவர்கள் பல பென்சில் கோடுகளை மையாக்கினார்கள். பத்திரத்தில் பேர்ச்சஸ் கணக்கு இருக்கும், ஒரு பேர்ச்சஸ் 272¼ சதுர அடி. அதைத் தரையில் கிடைத்த அத்திவார அளவோடு ஒப்பிட்டால் எந்த வளவு யாருடையது என்று ஓரளவு பிடிபடும்.

ஓட்டுத் துண்டுகளைக் கொண்டுவந்து "இது 1865ஆம் ஆண்டு ஓடு" என்று சொன்னவர்களுக்கும் நன்றி. ஆனால் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரிச் சங்கத்தின் ஓட்டில் இருக்கும் 1865, மங்களூரில் அந்த ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம். ஓடு எப்போது சுட்டது என்று அது சொல்லாது. பாரச் சாமானைச் சுமக்கும் ரயில் ஹட்டனுக்கு வந்ததே 1884இல், அதற்கு அப்பால் மாட்டுவண்டி. ஓடோ தகரமோ பெருவாரியாக இங்கே ஏறியது அதற்குப் பிறகு என்று எடுத்துக்கொள்வதுதான் நியாயம்.

இவ்வளவு பாடுபட ஒரு காரணம் உண்டு. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டம் தொல்பொருளுக்கு வைத்திருக்கும் எல்லை 1815 மார்ச் 2. நம் சனம் இந்த மலைக்கு வந்ததே அதற்குப் பிறகு. தொழிலாளர் குடியிருக்கும் லயம், தேயிலை ஆலையான ஸ்டோர், மாரியம்மன் கோயில் எதுவும் அந்தக் கோட்டுக்கு முந்தையது கிடையாது, அதனால் அந்த எல்லைக்குள் வராது. கொப்பியில் ஏறாத கட்டடத்துக்கு யாரும் பொறுப்பில்லை.

ஆல்பங்கள் எல்லாம் உரிய வீடுகளுக்குத் திரும்பிவிட்டன. ஒரு படம் மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது: இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) மூன்று பெண்கள், பின்னால் தகரக் கூரை, படத்தின் பின்பக்கத்தில் "தம்பிக்கு" என்ற ஒரு சொல். எந்த ஆல்பத்திலிருந்து விழுந்ததோ, அந்த வீட்டார் வந்து வாங்கிக்கொள்ளவும்.

நன்றியுடன்,
பழைய டவுனை அளந்தவர்கள்
மஸ்கெலியா