தட்டை லென்ஸ் பற்றிக் கதிரேசனுக்கு

அன்புள்ள கதிரேசா,

உன் கடிதம் கிடைத்தது. மூத்தவளுக்கு வரன் அமைந்ததில் எங்கள் இருவருக்கும் மிகுந்த மகிழ்ச்சி. எனக்குக் கல்லூரியில் இது கடைசி ஆண்டு. மற்ற வகுப்புகளையெல்லாம் இளையவர்களிடம் கொடுத்துவிட்டேன். ஒளியியலை மட்டும் விட மனமில்லை.

காகிதம்போல மெல்லிய லென்ஸ் வந்துவிட்டதாமே, என் பீரோவில் இருக்கும் கேமரா லென்ஸ்களையெல்லாம் எடைக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தாய். அவசரப்படாதே. மெலிதாக்கும் வித்தை கைவந்துவிட்டது. நிறங்கள்தான் இன்னும் மசியவில்லை.

உன் லென்ஸ் நடுவில் பருத்திருப்பதால் ஒளி அங்கே கூடுதலாகத் தாமதமாகிறது, அதனால் குவிகிறது. அந்தத் தாமதத்தை வேறு வழியில் உண்டாக்கினால் பருமன் எதற்கு? ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் ஃபெடரிகோ கப்பாஸோவின் குழு 2011இல் இந்த வழியைத் திறந்தது. 2016இல் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலேயே இந்தத் தட்டை லென்ஸை, அதாவது மெட்டாலென்ஸை, செய்து காட்டியது. அதன் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தைப் பார்த்தால் அசந்துபோவாய். கண்ணாடித் தகட்டின்மேல் டைட்டானியம் டை ஆக்ஸைடு பட்டைகள், நிமிர்த்திய செங்கற்கள்போல வரிசையாக நிற்கின்றன. உயரம் 600 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சம் நானோமீட்டர்). ஒரு லென்ஸில் எல்லாப் பட்டைகளும் ஒரே அளவு. ஒவ்வொன்றும் நிற்கும் கோணம் மட்டும் வேறு. வட்டத் தளவிளைவுற்ற ஒளி, அதாவது அதிர்வின் திசை சுழன்றுகொண்டே வரும் ஒளி, வந்தால், பட்டை திரும்பியிருக்கும் கோணத்தைப்போல் இருமடங்கு அதன் கட்டம் (அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த நிலையில் இருக்கிறது என்பது) மாறுகிறது. தாமதத்தின் வேலையை இந்த மாற்றமே செய்துவிடுகிறது. வேலை முழுவதும் அந்தத் திருப்பத்தில்தான் இருக்கிறது. ஊதா ஒளிக்குச் செய்த லென்ஸ், 86 சதவீத ஒளியைக் குவியத்தில் சேர்த்தது.

ஆனால் ஊதாவுக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று என்று தனித்தனியாகத்தான் செய்தார்கள். இந்த வகை லென்ஸில் அலைநீளம் கூடக் கூடக் குவியத் தொலைவு அதே விகிதத்தில் குறையும். 532 நானோமீட்டர் பச்சைக்கு 100 மில்லிமீட்டரில் குவிந்தால், 660 சிவப்பு ஏறக்குறைய 81இலும், 450 நீலம் 118இலும் குவியும். உன் கண்ணாடி லென்ஸில் இந்தப் பிறழ்ச்சி இதில் சிறு பங்குதான், அதுவும் எதிர்த்திசையில். 2018இல் அதே குழு நீலம் முதல் சிவப்பு வரை ஒரே இடத்தில் குவியச் செய்தது உண்மை. ஆனால் லென்ஸ் பெரிதானால், ஓரத்துக்கும் நடுவுக்கும் இடையே ஈடுகட்ட வேண்டிய தாமதமும் பெரிதாகிறது. அவ்வளவையும் இந்தக் குட்டைப் பட்டைகளால் தர முடிவதில்லை. ஆகவே அந்த லென்ஸ்கள் மில்லிமீட்டரைக்கூட எட்டவில்லை.

பெரிதாகச் செய்யவே முடியாது என்று நினைத்துவிடாதே. 2024இல் கப்பாஸோ குழு 10 சென்டிமீட்டர் அகலத்தில் ஒன்றை வெளியிட்டது. சில்லு செய்யும் அச்சுமுறையில் கண்ணாடியிலேயே செதுக்கிய 1,870 கோடித் தூண்கள்! நிலாவைப் படம் எடுத்தார்கள். ஆனால் அது சிவப்பு ஒன்றுக்காக வடிவமைத்தது.

2021இல் பிரின்ஸ்டனும் வாஷிங்டன் பல்கலைக்கழகமும் சேர்ந்து உப்புக்கல் அளவு கேமராவில் வண்ணப்படமே எடுத்தன. லென்ஸ் அரை மில்லிமீட்டர், தூண்கள் 16 லட்சம். ஒளியைப் பதிவுசெய்யும் உணரியில் விழுவது மங்கல் பிம்பம். அதைக் கணினி மீட்டெடுக்கிறது. உடலுக்குள் செலுத்தும் கருவிக்கு இது வரப்பிரசாதம். கல்யாண ஆல்பத்துக்கு எனக்குச் சம்மதமில்லை: கூறைப்புடவையின் ஜரிகை அங்கே இருந்ததா, கணினி ஊகித்ததா என்று யார் சொல்வது?

இன்னொன்று. இந்த ஆய்வுகளில் குவியப்புள்ளி எவ்வளவு சிறிது என்பதைப் பெருமையாகச் சொல்வார்கள். குவியாமல் சிதறும் ஒளி படம் முழுவதும் வெண்மூட்டமாகப் படர்ந்து கறுப்பைச் சாம்பலாக்குவதை அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை. நீ முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

ஒரே அலைநீளம் போதும் என்ற இடத்தில் இது எப்போதோ கடைக்கு வந்துவிட்டது. தொலைவை அளக்கும் அகச்சிவப்பு உணரிகள் பல 940 நானோமீட்டர் ஒன்றில்தான் இயங்குகின்றன. அவற்றுக்காக 2022இலேயே எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் என்ற சில்லு நிறுவனம், மெட்டாலென்ஸ் என்ற பெயரிலேயே தொடங்கிய நிறுவனத்தின் லென்ஸைப் பொருத்தி விற்கத் தொடங்கியது. ஃபோனின் பிரதான கேமராவுக்கு வர நாளாகும்.

முகூர்த்த நாள் குறித்ததும் எழுது. ரயிலில் இடம் பிடிக்க வேண்டும். தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

உன்,
ராமசாமி