முதல் டிசைனரைத் தேடும் ஸ்டார்ட்அப் நிறுவனர்களுக்கு

வணக்கம்.

சென்னையிலும் கோவையிலும் பத்துப் பேருக்கும் குறைவான நிறுவனம் நடத்தும் உங்களுக்கு, அப்படிப்பட்ட இடங்களில் பிராடக்ட் டிசைன் செய்கிற நாங்கள் எழுதுகிறோம். சம்பளம் குறைவு என்பது புகார் அல்ல. அது தெரிந்துதான் வருகிறோம். ஆனால் இரண்டு வருடம் கழித்துக் கிளம்பும் டிசைனரின் கையில் என்ன இருக்கும் என்பது, பெரும்பாலும் அவர் சேரும்போது நீங்கள் எழுதித் தருவதைப் பொறுத்தது.

முதலில் இன்டர்வியூ டாஸ்க். "எங்க ஆப்பின் ஹோம் ஸ்கிரீனைத் திங்கட்கிழமைக்குள் மாற்றிக் காட்டுங்கள்" என்று கேட்காதீர்கள். உங்கள் தொழிலுக்குச் சம்பந்தமில்லாத ஒரு சிக்கலைக் கொடுத்து, ஒன்றரை மணி நேரம் கூடவே உட்காருங்கள். அவர் என்ன கேள்வி கேட்கிறார் என்பது அங்கே தெரிந்துவிடும். சொந்த ஆப்பைத்தான் கொடுப்போம் என்றால் அந்த வேலைக்குப் பணம் கொடுங்கள்.

சேர்ந்தபின் நடக்கும் பெரிய தவறு, அவரை ஸ்கிரீன் வரைபவராக மட்டும் வைத்திருப்பது. யுபிஐயில் பணம் கட்டும் இடத்தையே பாருங்கள். ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளில் வெற்றிக்கு ஒரு ஸ்கிரீன், தோல்விக்கு ஒன்று இருக்கும். பணம் போனதா இல்லையா என்று உறுதியாகாத 'பெண்டிங்' நிலைக்கு ஒன்றும் இருக்காது. ரிலீஸுக்கு முந்தைய இரவு டெவலப்பர் தன் பங்குக்கு 'சம்திங் வென்ட் ராங், ட்ரை அகெய்ன்' என்று போட்டுவிடுவார். வாடிக்கையாளர் மறுபடி கட்டுவார், இரண்டு தடவை பணம் போகும், சப்போர்ட்டுக்கு போன் வரும். அந்த போனை டிசைனர் கேட்டிருந்தால் தீர்வு ஒரு நாள் வேலை: 'பணம் வந்ததா என்று பார்த்துக்கொண்டிருக்கிறோம், மறுபடி கட்ட வேண்டாம்' என்று ஒரு வரி, அதுவரை பட்டனை முடக்கி வைப்பது. கேட்காதவர் ஹோம் பேஜின் நிறத்தைத்தான் மாற்றிக்கொண்டிருப்பார். (அதைக் கேட்டதும் பெரும்பாலும் நீங்கள்தான்.)

ஆகவே முதல் வாரத்திலேயே சப்போர்ட் அழைப்புகளையும் அனலிட்டிக்ஸையும் திறந்துவிடுங்கள். எந்தப் படியில் எத்தனை பேர் விலகுகிறார்கள் என்ற எண்ணை, ஸ்கிரீனை மாற்றுவதற்கு முன்பே குறித்து வைக்க வேண்டும். பின்னால் தேடினால் கிடைக்காது. அந்த எண் இல்லாத போர்ட்ஃபோலியோ வெறும் படத்தொகுப்பு. அதைக் காட்டுவதற்கான அனுமதியும் ஆஃபர் லெட்டரிலேயே இருக்கட்டும்: வெளியான வேலையைக் காட்டலாம், எண்களைச் சதவீதமாக மட்டும் சொல்லலாம். ரகசியக் காப்பு ஒப்பந்தம் இதற்கு மௌனமாக இருந்தால், கிளம்பும் நாளில் வீண் சண்டை.

இனி ஈசாப், அதாவது நிறுவனத்தின் பங்குகளை முன்பே குறித்த விலைக்கு வாங்க ஊழியருக்குத் தரும் உரிமை. "அரை சதவீதம் தருகிறோம்" என்ற பேச்சு போதாது. பங்குகளின் எண்ணிக்கை, ஈசாப் பூலையும் (ஊழியர்களுக்கென ஒதுக்கிய பங்குகள்) பின்னால் பங்காக மாறக்கூடிய முதலீடுகளையும் சேர்த்த மொத்தப் பங்குகள், வாங்கும் விலை, வெஸ்டிங் அட்டவணை (அந்த உரிமை எப்போது எவ்வளவு அவருடையதாகும் என்பது), வேலையை விட்டால் எத்தனை நாளுக்குள் வாங்க வேண்டும் என்ற ஐந்தும் காகிதத்தில் வேண்டும். கம்பெனிகள் சட்ட விதிகளின்படி கிராண்ட் தேதிக்கும் (உரிமையை வழங்கும் நாள்) வெஸ்டிங்குக்கும் நடுவே குறைந்தது ஓராண்டு இருக்க வேண்டும். கிராண்ட் லெட்டரை எட்டு மாதம் இழுத்தடித்தால், எட்டு மாத உழைப்பு கணக்கில் வராது.

ஒரு கணக்கு போடுவோம். மொத்தம் 10 லட்சம் பங்குகள். டிசைனருக்கு 5,000, நான்கு வருட வெஸ்டிங். இரண்டு வருடத்தில் விலகும்போது 2,500 அவருடையது. ஒரு பங்கை வாங்கும் விலை ₹10, அதன் இன்றைய மதிப்பு என்று மெர்ச்சன்ட் பேங்கர் மதிப்பிடுவது ₹400. வாங்க ₹25,000 போதும். ஆனால் மீதி வித்தியாசமான ₹9,75,000 சம்பள வருமானமாகக் கருதப்படும். 30 சதவீத வரம்பில் இருப்பவருக்கு செஸ் இல்லாமலே ₹2,92,500 வரி. கையில் வருவதோ விற்க முடியாத பங்கு. வேலையை விட்டபின் வாங்கப் பல நிறுவனங்கள் வைக்கும் 90 நாள் கெடுவுக்குள் இந்தப் பணத்தைப் புரட்ட முடியாமல் விட்டுவிடுகிறவர்கள் உண்டு. வரியைத் தள்ளிப்போடும் சலுகை 2020 முதல் இருக்கிறது. ஆனால் மத்திய அரசின் தொழில், உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை (டிபிஐஐடி) ஸ்டார்ட்அப்புக்குத் தரும் அங்கீகாரம் மட்டும் அதற்குப் போதாது, அமைச்சகங்களுக்கிடையேயான வாரியத்தின் சான்றிதழும் வேண்டும். வேலையை விட்டால் அந்தச் சலுகையும் முடிந்துவிடும். செலவில்லாத வழி உங்கள் கையில் இருக்கிறது: 90 நாளை ஐந்து வருடமாக்குங்கள். திட்டத்தைத் திருத்தப் பங்குதாரர்களின் ஒப்புதல் தேவைப்படும், அவ்வளவுதான்.

தனியாளாக இருக்கும் டிசைனருக்குக் கற்றுத்தர ஆளில்லை என்பதும் உண்மை. மாதம் இரண்டு மணி நேரம் வெளியிலிருந்து ஒரு சீனியர் டிசைனர் வேலையைப் பார்த்துத் திருத்த, நிறுவனச் செலவில் ஏற்பாடு செய்யுங்கள்.

கான்ட்ராக்டில் எடுப்பவருக்கு ஈசாப் ஆசை காட்ட வேண்டாம். சட்டப்படி அது ஊழியர்களுக்கானது. அவருக்குச் சேர வேண்டியதை இன்வாய்ஸிலேயே கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சிறு ஸ்டார்ட்அப்களில் வேலை செய்யும் டிசைனர்கள் சிலர்