செயலி எழுதும் நண்பர்களே, போன் கடிகாரத்தை நம்பாதீர்கள்

வணக்கம்.

நானும் செயலி எழுதிப் பிழைப்பவன்தான். போன வாரம் ஒரு செயலியில் நீளமான விண்ணப்பத்தை அரை மணி நேரம் உட்கார்ந்து நிரப்பினேன். 'சமர்ப்பி' பொத்தானைத் தொட்டதும் லாகின் திரை வந்து நின்றது. திரும்ப உள்ளே போனால் படிவம் காலி. டோக்கன் (லாகின் செய்ததும் சர்வர் தரும் தற்காலிக அனுமதிச் சீட்டு) காலாவதியாம். சரி, ஆகட்டும். அதற்காக ஆளையே வெளியே தள்ளுவதா?

இந்தக் கோளாறில் பாதி கணக்குப் பிழை. ஓஆத் (OAuth, டோக்கன் வழங்கும் ஒரு முறை) பதிலில் வரும் 'எக்ஸ்பயர்ஸ் இன்' (expires_in) நொடிக்கணக்கு. 3600 என்றால் இன்னும் ஒரு மணி நேரம். ஜேடபிள்யூடி (JWT, விவரங்களைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் வகை) டோக்கனுக்குள் இருக்கும் 'எக்ஸ்ப்' (exp, காலாவதி நேரம்) வேறு. அது 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நொடிகள். ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்ட்டும் நேரம் கேட்டால் தருவதோ மில்லிநொடி. 1700000000 என்பது 2023 நவம்பர். ஆயிரத்தால் பெருக்க மறந்தால் அதே எண் 1970 ஜனவரி 20. டோக்கன் கைக்கு வரும்போதே செத்துப்போயிருக்கும்.

மீதிப் பாதி, போன் கடிகாரம். கேமில் அடுத்த உயிர் சீக்கிரம் கிடைக்க நேரத்தை முன்னே தள்ளி வைப்பவர்கள் உண்டு (நானும் செய்திருக்கிறேன்). அப்போது உயிருள்ள டோக்கனும் காலாவதியானதாகத் தெரியும். அதனால் டோக்கன் வந்த கணத்திலிருந்து எவ்வளவு நேரம் ஓடியது என்று எண்ணுங்கள். ஆண்ட்ராய்டில் அதற்கு எலாப்ஸ்டு ரியல்டைம் (elapsedRealtime, போன் ஆன் ஆனதிலிருந்து ஓடிய நேரம்) இருக்கிறது. போன் தூங்கும் நேரமும் அதில் சேரும். அப்டைம் மில்லிஸை (uptimeMillis) எடுத்தால் ஆழ்ந்த தூக்கத்தில் நின்றுவிடும். ரீஸ்டார்ட்டுக்குப் பிறகு இரண்டுமே பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும், அப்போது பேசாமல் டோக்கனை ஒருமுறை புதுப்பித்துவிடுங்கள்.

எப்படி எண்ணினாலும் முடிவு சர்வர் கையில். 401 ('உன் அனுமதி செல்லாது' என்ற சர்வர் பதில்) வந்தால் சத்தமில்லாமல் டோக்கனைப் புதுப்பித்து, அதே கோரிக்கையை மறுபடி அனுப்புங்கள். ஐந்து கோரிக்கைகளுக்கு ஒரே நேரத்தில் 401 வந்தாலும் புதுப்பிக்கப் போவது ஒன்றுதான், மற்றவை காத்திருக்கட்டும். ஒவ்வொரு முறையும் ரெஃப்ரெஷ் டோக்கனை (புது டோக்கன் வாங்கக் காட்டும் சீட்டை) மாற்றித் தரும் சர்வர்கள், பழையது இரண்டாம் முறை வந்தால் திருட்டு என்று நினைத்து மொத்தத்தையும் ரத்து செய்துவிடலாம்.

அப்புறம், புதுப்பிக்கும்போது நெட்வொர்க் போவதும் சர்வர் மறுப்பதும் ஒன்றல்ல. மறுத்தால் மட்டும் லாகின் திரை. அதற்கு முன் படிவத்தைச் சேமித்துவிடுங்கள். அடுத்த வெளியீட்டுக்கு முன், சோதனை சர்வரில் டோக்கன் ஆயுளை இரண்டு நிமிடமாக வையுங்கள். போன் நேரத்தை ஒரு நாள் முன்னே தள்ளிவிட்டு, உங்கள் செயலியிலேயே ஒரு நீளமான படிவத்தை நிரப்பிப் பாருங்கள்.

இப்படிக்கு,
அந்த விண்ணப்பத்தை இரண்டாம் முறை நிரப்பியவன்